கொடியடுப்பும் இரசாயன ஆலையும்

பழைய தமிழ் இல்லங்களில் கொடியடுப்பு என்றோர் அடுப்பு உண்டு. பெரிய அடுப்பில் விறகிட்டு எரிக்குங்கால், அதனை ஒட்டி அமைந்த இச்சிற்றடுப்பு, தனக்கென ஒரு சுள்ளியும் வேண்டாது, இடைத்துளை வழியே வரும் அனலை மட்டுமே கொண்டு பாலைக் காய்ச்சும். குழம்பு ஆறாமற் காக்கும். குளிப்பதற்கு வெந்நீரும் தரும். அவ்வில்லங்களில் அரிசி களைந்த நீர் பசுவிற்கு ஆயிற்று. வடித்த கஞ்சி துணிக்கு ஆயிற்று. அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பல் பாத்திரம் துலக்க ஆயிற்று. இதனை யாரும் உலோபம் என்று இகழ்ந்தாரில்லை. செட்டான குடித்தனம் என்றே ஊரார் புகழ்ந்தனர்.

இல்லத்தில் நாம் இவ்வாறு போற்றும் செட்டினை நாட்டின் பெருந்தொழில்களிடம் நாம் கேட்பதில்லை. ஆலையின் புகைபோக்கி ஓங்கி நிற்பதைக் கண்டு முன்னேற்றம் என்று மகிழ்கிறோம். அப்புகையோடு எவ்வளவு வெப்பம் வானிற் கலந்து வீணாகிறது என்று வினவுவதில்லை. சிறப்பாக, இரசாயனப் பொருள்களைச் செய்யும் ஆலைகள் ஏனைய தொழில்கள் பலவற்றினும் மிகுதியாக எரிபொருளை உண்பவை. புதிய எரிபொருள் எங்கே, புதிய மின்னிலையம் எங்கே என்று தேடுமுன், இவ்வாலைகள் தாம் எறிந்துவிடும் வெப்பத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதும், அவ்வெண்ணிக்கை பொதுமக்கள் அறியுமாறு வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பதுமே யாம் ஈண்டு வற்புறுத்த விழைவன.

பொதுப்படக் கூறின் விளங்காதாகலின், அம்மோனியா என்னும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கலாம் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-ஆம் ஆண்டில் செய்து காட்டினார். கார்ல் பாஷ் என்பார் அதனைப் பெருந்தொழிலாக்கினார். 1913-ஆம் ஆண்டில் ஓப்பாவ் என்னுமிடத்தில் முதலாலை இயங்கலாயிற்று. யூரியா முதலிய உரங்களுக்கு அம்மோனியாவே தாய்ப்பொருள். இன்று உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருடைய உணவு இவ்வழியாக வந்த உரத்தைச் சார்ந்து விளைகிறது என்று அறிஞர் கணிக்கின்றனர். அதற்கேற்ப விலையும் பெரிது. உலகம் செலவிடும் ஆற்றல் முழுவதிலும் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கினை இவ்வொரு பொருளின் உற்பத்தியே விழுங்குகிறது.

இவ்விடத்தில் கணக்கொன்று கூறல் வேண்டும். ஆற்றலை அளக்க அறிஞர் ஜிகாஜூல் என்னும் அளவையை வழங்குவர்; ஒரு ஜிகாஜூல் நம் வீட்டு மின்கணக்கில் ஏறத்தாழ 278 யூனிட்டுக்கு நிகராகும். ஓப்பாவில் நிலக்கரிக் கற்கரியைக் கொண்டு தொழில் தொடங்கிய காலத்தில், ஒரு டன் அம்மோனியா செய்ய 100 ஜிகாஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் செலவாயிற்று. இன்று இயற்கை எரிவாயுவைக் கொண்டு இயங்கும் மிகச் சிறந்த ஆலைகள் அதே ஒரு டன்னை ஏறத்தாழ 28 ஜிகாஜூலில் முடிக்கின்றன. இயற்கையின் விதிப்படி இதற்குமேற் குறைக்க முடியாது என்னும் எல்லை ஏறத்தாழ 20 ஆகும். நூறாண்டுகளில் மனிதர் நூற்றுக்கு எழுபது பங்கிற்கு மேல் மிச்சப்படுத்தினர். எரிபொருள் மாறியது அதற்கு ஒரு காரணம். சிந்திய வெப்பத்தைப் பொறுக்கிச் சேர்க்கக் கற்றுக்கொண்டது மற்றொரு பெருங்காரணம்.

அது நடைபெறும் விதத்தைச் சிறிது நோக்குவோம். எரிவாயுவையும் நீராவியையும் கலந்து, வினையூக்கி நிறைந்த குழாய்களிற் செலுத்தி, அக்குழாய்களை வெளிப்புறத்தே உலையில் வைத்துச் சூடாக்குவர். உலையின் புகை ஏறத்தாழ 1000 டிகிரி வெப்பத்தோடு எழும். அதனை அப்படியே வெளியே விடாது, வழியில் குழாய்ச் சுருள்களை அடுக்கி, உலைக்குட் செல்லும் வாயுவையும் காற்றையும் அப்புகையாலேயே முன்கூட்டிச் சூடேற்றுவர். எஞ்சியதைக் கொண்டு நீராவி எழுப்புவர். ஏறத்தாழ 150 டிகிரி அளவிற்குத் தணிந்த பின்னரே புகைக்கு வெளியேற விடை கொடுப்பர். இவ்வாறு கிடைத்த நீராவி சுழலியைச் சுழற்றும். சுழலி வாயுவை அமுக்கும் பெரும்பொறியை இயக்கும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கூடும்போது தாமே வெளியிடும் வெப்பமும் நீர் காய்ச்சப் பயன்படும். இவையெல்லாம் வரிசை வரிசையாக அமைந்த கொடியடுப்புக்களே அன்றி வேறென்ன?

கொடியடுப்பை எங்கு வைப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. பெரிய ஆலையொன்றிற் குளிர்விக்க வேண்டிய ஓட்டங்கள் பலவும், சூடாக்க வேண்டிய ஓட்டங்கள் பலவும் இருக்கும். எதனை எதனோடு இணைப்பது? 1970-களின் பிற்பகுதியில் போடோ லின்னாஃப் முதலிய அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டனர். ஆலை முழுவதிலும் உள்ள வெப்ப வரவையும் வெப்பத் தேவையையும் ஒரே படத்தில் வரைந்தால், இரண்டும் மிக நெருங்கி நிற்கும் ஓரிடம் தோன்றும். அவ்விடத்திற்கு மேற்பட்ட வெப்ப நிலையில் மிச்சம் என்பது இல்லை. கீழ்ப்பட்ட நிலையிற் குறை என்பது இல்லை. ஆகவே, மேலுள்ள வெப்பத்தைக் கீழே சிந்தவிடலாகாது. மேலே தண்ணீரால் குளிர்விக்கலாகாது. கீழே நீராவியால் சூடேற்றலாகாது. இம்மூன்று விதிகளையும் காத்தால் ஆலைக்கு வேண்டும் எரிபொருள் மிகக் குறைந்த அளவில் நிற்கும். வரவறிந்து செலவு செய்க என்று நம் முன்னோர் குடும்பத்திற்குச் சொன்னதை இவர்கள் வெப்பத்திற்குச் சொன்னார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது புதிய பொறியன்று. உள்ளதை முழுமையாக நோக்கும் கண்ணே.

பெரிய ஏற்பாடுகளை மட்டும் கூறிச் சிறியவற்றை விடுதல் முறையன்று. குழாயின் மேல் போர்த்த உறை கிழிந்த இடத்தில் வெப்பம் கசியும். நீராவி வடிகால் பழுதுற்ற இடத்தில் ஆவி இரவும் பகலும் சீறிக்கொண்டிருக்கும். நீரேற்றும் பொறியின் செய்தி இன்னும் வியப்பிற்குரியது. பல ஆலைகளில் பொறியை முழுவேகத்தில் ஓடவிட்டு, வேண்டாத ஓட்டத்தைத் தடுக்கக் குழாயின் அடைப்பைத் திருகி வைப்பர். மாட்டைத் தார்க்குச்சியாற் குத்திக்கொண்டே மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்கும் வண்டிக்காரனை நாம் என்னென்போம்? பொறியின் வேகத்தையே ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அதற்கு வேண்டும் ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது நூலோர் கண்ட விதி. இத்தகைய மிச்சத்திற்கு மேதைகள் வேண்டுவதில்லை. நாள்தோறும் ஆலையைச் சுற்றிவந்து கவனிக்கும் தொழிலாளியும், அவர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கும் மேலாளருமே வேண்டும்.

இவ்வளவு நன்மையுடையதாயின், ஆலைகள் தாமாகவே இதனைச் செய்து கொள்ளாவோ என்று சிலர் வினவலாம். சரித்திரம் இதற்கு விடை கூறுகிறது. ஃபிரான்சு நாட்டு லெபிளாங் என்பார் 1791-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற முறைப்படி, ஆங்கில நாட்டில் உப்பிலிருந்து சலவைச் சோடா பெருவாரியாகச் செய்யப்பட்டது. அத்தொழிலில் எழுந்த ஹைட்ரோகுளோரிக் அமில வாயு புகைபோக்கி வழியே வெளியேறி, சுற்றிலுமுள்ள பயிரையும் மரங்களையும் கருக்கியது. அவ்வாயுவை நீரிற் கரைத்துப் பிடிக்கும் கோபுரத்தை 1836-ஆம் ஆண்டிலேயே வில்லியம் காசேஜ் அமைத்திருந்தார். வழி தெரிந்திருந்தும் கால் நூற்றாண்டிற்கு மேலாகப் பலர் அவ்வழியிற் செல்லவில்லை. 1863-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம், அவ்வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கையேனும் பிடித்தாக வேண்டும் என்று சட்டம் இயற்றி, ஆய்வாளரையும் நியமித்தது. அதன் பின்னரே ஊரார் மூச்சு விட்டனர். அன்றியும், பிடிபட்ட அமிலம் குளோரினாக மாறித் துணி வெளுக்கும் தூளுக்கு ஆதாரமாயிற்று. பிற்காலத்தில் ஸால்வே முறையின் போட்டியால் சோடாவில் இலாபம் குன்றியபோது, அவ்வாலைகளைத் தாங்கி நின்றது அத்தூளின் வருவாயே. நஞ்சென்று காற்றில் விட்டது, சட்டத்தின் கட்டளையால் செல்வமாயிற்று.

நம் நாட்டிலும் சட்டம் வாளாவிருக்கவில்லை. 2001-ஆம் ஆண்டில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ், 2012 முதல் 2015 வரை நிகழ்ந்த முதற்சுற்றில், உரம், காரசோடா, சிமெண்டு, இரும்பு முதலிய எட்டுத் துறைகளைச் சார்ந்த 478 ஆலைகளுக்கும் மின்னிலையங்களுக்கும், ஒவ்வொன்றும் தன் சரக்கின் ஒவ்வொரு டன்னுக்கும் எவ்வளவு ஆற்றலைக் குறைத்தல் வேண்டும் என்று இலக்கு வகுக்கப்பட்டது. இலக்கை மிஞ்சியவர் தம் மிச்சத்தைப் பத்திரமாக விற்கலாம். எட்டாதவர் அதனை விலைக்கு வாங்க வேண்டும். ஏறத்தாழ 67 இலட்சம் டன் எண்ணெய்க்கு நிகரான ஆற்றலைச் சேமிக்கக் கருதிய இடத்தில், ஏறத்தாழ 87 இலட்சம் டன்னுக்கு நிகரானது சேமிக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டின் யூரியாக் கொள்கை, ஒரு டன் யூரியாவிற்கு இன்ன அளவு எரிபொருளுக்கே அரசாங்கம் பணம் தரும் என்று எரிவாயு ஆலைகளுக்கு வரம்பு கட்டிற்று. நாஃப்தா என்னும் விலை மிகுந்த எண்ணெயைக் கொண்டு இயங்கிய மணலி, மங்களூர், தூத்துக்குடி ஆலைகளும் 2019-க்கும் 2021-க்கும் இடையில் எரிவாயுவிற்கு மாறின. இலக்கை மிஞ்சியது குறித்து மகிழ்கிறோம். ஆயினும், அவ்வளவு எளிதில் மிஞ்சப்பட்ட இலக்கு சற்றே இலேசாக வகுக்கப்பட்டதோ என்னும் ஐயமும் எமக்கு எழாமலில்லை. எளிய பாடத்திற் பெற்ற முதல் வகுப்பு மாணவனுக்கு நன்மை செய்வதில்லை.

இனி ஓர் எச்சரிக்கை. செட்டு வேறு, உலோபம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதன் பயனை 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவில் போபால் நகரம் கண்டது. கொடிய நஞ்சாகிய மீதைல் ஐசோசயனேட்டைக் குளிர்ந்த நிலையில் வைத்தல் வேண்டும்; அதற்கென அமைந்த குளிர்விக்கும் பொறி அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரமும் குழாய் கழற்றப்பட்டுச் செயலற்று நின்றது. குளிர்பொறியை நிறுத்தியதால் மிஞ்சிய மின்செலவு அற்பம், மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். வீணாகும் வெப்பத்தைச் சேர்ப்பது செட்டு. உயிரைக் காக்கும் காவலை விற்பது உலோபம். எந்த ஆலையாயினும் ஆற்றற் செலவைக் குறைத்தோம் என்று பெருமை பேசும்போது, எதனைக் குறைத்தீர்கள் என்று கேட்கும் உரிமை, மதிற்சுவருக்கு வெளியே குடியிருக்கும் ஏழைக்கு உண்டு.

மற்றொரு சாரார், “நாமோ வளரும் நாட்டினர், முதலில் உணவும் உரமும் விளையட்டும், செட்டினைப் பின்னர்ப் பார்த்துக் கொள்வோம்” என்பர். இவ்வாதம் நல்லெண்ணத்தோடு கூறப்படினும் பொருந்துவதன்று. நம் நாட்டில் யூரியாவின் சில்லறை விலையை அரசாங்கம் குறிக்கிறது; ஆக்கும் செலவிற்கும் அவ்விலைக்கும் உள்ள இடைவெளியை நாட்டின் பொதுக் கருவூலம் நிரப்புகிறது. எனவே, ஆலையில் வீணாகும் ஒவ்வொரு கன அடி எரிவாயுவின் விலையும், தீப்பெட்டி வாங்கும் கூலியாள் செலுத்தும் வரியிலும் ஒரு துளியாகக் கலந்திருக்கிறது. அந்த எரிவாயுவிற் பெரும்பகுதி கடல் கடந்து விலைக்கு வருவது. வறியவன் வீட்டில்தான் எண்ணெய் சிந்தலாகாது.

இனி, ஆலையின் வாயிலோடு இச்செட்டு முடிந்துவிடுமோ எனின், முடியாது. ஜெவன்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் நிலக்கரியைப் பற்றி 1865-ஆம் ஆண்டில் எழுதிய நூலில், நீராவிப் பொறிகள் செட்டாக எரிக்கக் கற்றுக்கொண்டதனால் நிலக்கரிச் செலவு குறையாது மேலும் பெருகியதைச் சுட்டிக் காட்டினார். மலிவானது மிகுதியாகச் செலவாகும் என்பது உலக இயல்பு. அரும்பாடுபட்டு 28 ஜிகாஜூலில் ஆக்கிய அம்மோனியா யூரியாவாகி வயலிற் கொட்டப்படுகிறது; அதிலுள்ள நைட்ரஜனிற் பயிர் ஏற்பது உலகளவில் ஏறத்தாழப் பாதியே. எஞ்சியது காற்றிலும் கிணற்று நீரிலும் கலக்கிறது. யூரியாவில் அடைபட்ட கரியமில வாயுவும் வயலில் மீண்டும் வெளிப்படுகிறது. இதனைத் தணிக்க, 2015-ஆம் ஆண்டில் நம் நாட்டிற் செய்யப்படும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுதல் கட்டாயமாக்கப்பட்டது. வேம்பு மண்ணில் நைட்ரஜன் விரைந்து மாறிப் போவதைத் தாமதப்படுத்துகிறது. ஆலையில் ஓர் உலையைத் திருத்துவதற்கு நிகரான மிச்சத்தை நம் ஊர் வேப்பங்கொட்டை தரக்கூடும் என்பது நினைந்து மகிழத்தக்கது.

தூத்துக்குடியிலும் இத்தகைய பாடம் ஒன்று உண்டு. அங்குள்ள சோடா உப்பு ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டிற்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாக மாற்றும் ஏற்பாடு 2016-ஆம் ஆண்டில் உலகோர் கவனத்தை ஈர்த்தது. புகையைப் பொருளாக்கிய அம்முயற்சி பாராட்டிற்குரியதே. எனினும், அச்சோடா கண்ணாடி உலையிற் சென்று உருகும்போது அக்கரியமில வாயு திரும்பவும் வெளியேறும் என்பதையும் மறத்தலாகாது. ஒரு வாயிலில் அடைத்தது மறுவாயிலில் வெளிப்படுமாயின், கணக்கு இரண்டு வாயில்களையும் உள்ளடக்கியதாக இருத்தல் வேண்டும்.

“சூரியனும் காற்றும் தரும் மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்போம், பின்னர் இக்கவலை யாவும் ஒழியும்” என்று நம்புவோர் பலர். நம் அரசாங்கமும் 2023-ஆம் ஆண்டில் இதற்கெனப் பேரியக்கம் ஒன்றைத் தொடங்கி, 2030-க்குள் ஆண்டிற்கு 50 இலட்சம் டன் ஹைட்ரஜன் ஆக்கும் நிலையை எய்தக் கருதியுள்ளது. யாமும் அதனை வரவேற்கிறோம். இது முற்றிலும் புதிய வழியன்று. நார்வே நாட்டில் 1920-களின் இறுதியிலேயே அருவி மின்சாரத்தால் நீரைப் பிரித்து அம்மோனியா செய்தனர். ஆயினும் இவ்வழியில் ஒரு டன் அம்மோனியாவிற்கு ஏறத்தாழ 10,000 யூனிட் மின்சாரம் வேண்டும். நல்ல மின்சாரமும் அளவின்றிக் கிடைப்பதன்று. அதற்கும் நிலமும் செம்பும் இரும்பும் உழைப்பும் வேண்டும். ஓட்டைக் குடத்தில் ஆற்று நீரை விட்டாலென்ன, கங்கை நீரை விட்டாலென்ன? குடத்தை அடைத்தல் முதற்கடன்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வோர் இரசாயன ஆலையும் தன் சரக்கின் ஒவ்வொரு டன்னுக்கும் செலவிட்ட ஆற்றலை, ஆண்டுதோறும், சுற்றியுள்ள ஊரார் படித்தறியும் மொழியில் வெளியிடுதல் வேண்டும். அரசாங்கம் வகுக்கும் இலக்கு, சிறந்த ஆலை எட்டிய அளவை நோக்கி ஆண்டுதோறும் உயர்தல் வேண்டும். மிச்சம் எதனாலே வந்தது என்பதையும், காவற் பொறிகள் யாவும் இயங்குகின்றனவா என்பதையும், ஆலையிற் கூலி பெறாத ஆய்வாளர் பார்த்துச் சொல்லுதல் வேண்டும். இவை விஞ்ஞான வகுப்பு மாணவர் மட்டும் பேசற்குரியன என்று இலக்கியம் பயில்வோர் ஒதுங்குதலும் தகாது. ஊரார் படித்தறியும் மொழியில் என்றோமே, அம்மொழியை ஆக்கித் தருவது யார் கடன்?

ஐயாயிரம் பேர் உண்டு நிறைவுற்ற அப்புல்வெளியில், அற்புதத்தால் அப்பத்தைப் பெருக்க வல்ல ஆண்டவரே, மிஞ்சிய துணிக்கைகள் வீணாகாதபடி சேர்க்குமாறு சீஷருக்குக் கட்டளையிட்டார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. குறைவில்லாத இடத்திலேயே அவர் செட்டினைக் கற்பித்தாரெனின், எரிவாயுவைக் கடன் வாங்கி எரிக்கும் நமக்கு அக்கட்டளை எத்துணை மடங்கு பொருந்தும்! பூமி நமக்குச் சொந்தமன்று. நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய உக்கிராணக்காரர். அக்கணக்கில் ஆலைகளின் ஏடும் ஒன்று. அதனைத் திறந்து காட்டுமாறு கேட்க நாம் துணிவோமாக.